முறுக்கும் எதிர்முறுக்கும்

களத்துமேட்டில் சூடடித்து முடிந்து, வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டி வண்டியில் ஏற்ற வேண்டிய வேளையில், உழவர்கள் கயிற்றுக்காக வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை. காலடியில் கிடக்கும் வைக்கோலிலேயே ஒரு பிடியை அள்ளி, ஒருவர் அதைச் சிறுகச் சிறுக விட்டுக்கொடுத்தபடி குந்தியிருக்க, இன்னொருவர் அதன் நுனியை ஒரு கோலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பின்னால் நடந்து செல்ல, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பாகத்துக்கு ஒரு பிரி உருவாகிவிடுகிறது. சற்று முன்பு வரையில் இரண்டு விரலால் இழுத்தாலே அறுந்துபோகக்கூடியதாக இருந்த அந்த வைக்கோல், இப்போது ஒரு சுமை வைக்கோலையும் கட்டி, வண்டி குலுங்கும் குலுக்கலையும் தாங்கி, வீடு வரையில் வந்து சேருகிறது.

புல்லைத் திரித்துக் கயிறாக்கினால் மதயானையையும் கட்டிவிடலாம் என்ற கருத்து ஹிதோபதேசத்தில் வருகிறது. அதை எடுத்துக்காட்டி ஒற்றுமையின் பெருமையைப் போதிக்காத பள்ளிக்கூடத்து வாத்தியார் நம் நாட்டில் அபூர்வம். நீதி நல்ல நீதிதான். ஆனால் கயிற்றின் தத்துவத்தில் பாதிதான் அதில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆயிரம் புல்லை ஒற்றுமையாகச் சேர்த்து வைத்தால் கிடைப்பது ஒரு புற்கட்டு. அதன் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் புல் ஒவ்வொன்றும் தன் அண்டைப் புல்லை விட்டு வழுக்கி வெளியே வந்துவிடும். அந்தக் கட்டைக் கயிறாக்குவது முறுக்கு; அந்த முறுக்கை அவிழாமல் காப்பது, அதற்கு நேர் விரோதமான இன்னொரு முறுக்கு. ஒரே திசையில் எல்லோரும் போனால் கயிறு உண்டாகாது என்பதை நீதிநூலார் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டு மூன்று முழத்துக்கு மேல் நீளமில்லாத நார்களைக் கொண்டு நூறு முழக் கயிறு எப்படி உண்டாகிறது, இழுத்தால் அது ஏன் நடுவில் பிரிந்து வந்துவிடுவதில்லை என்ற கேள்வியை, இத்தாலிய தேசத்து மகாமேதையான கலிலியோ, 1638-இல் வெளிவந்த தம் கடைசிப் பெருநூலில், மூன்று நண்பர்களின் சம்பாஷணையாக எழுப்பி விசாரிக்கிறார். நட்சத்திர மண்டலங்களை ஆராய்ந்தவருக்குச் சணற்கயிற்றின் மேல் என்ன அக்கறை என்று தோன்றலாம். ஆனால் வஸ்துக்களின் வலிமை எங்கே குடியிருக்கிறது என்ற ஆராய்ச்சிக்குக் கயிற்றைவிடச் சிறந்த வாசல் இல்லை. அவர் கண்ட விடை இதுதான்: முறுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று சுற்றிப் பற்றிக்கொள்கின்றன, கயிற்றை இழுக்க இழுக்க அந்தப் பிடி இளகுவதற்குப் பதிலாக இறுகுகிறது, ஆகையால் நாரை உருவி எடுப்பதைவிட அறுத்துவிடுவது சுலபமாகிவிடுகிறது.

இந்தப் பிடிக்குக் காரணமான உராய்வின் வலிமையைப் படகுத்துறையில் பிரத்தியட்சமாகக் காணலாம். படகைக் கட்டிய கயிற்றை ஒரு கம்பத்தில் சுற்றி அதன் மறுமுனையைச் சிறுவன் ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றால், படகு எவ்வளவு திமிறினாலும் அவன் கையை விட்டுப் போவதில்லை. ஒரு சுற்றினால் பிடி 6 மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சுற்றுக்கு அது 12 மடங்காவதில்லை, 36 மடங்காகிறது; மூன்றாவது சுற்றுக்கு 216. கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளரும் இந்த விந்தை, கயிற்றுக்குள்ளேயும் நாருக்கு நார் நடந்துகொண்டிருக்கிறது.

இனி எதிர்முறுக்கின் யுக்தியைப் பார்ப்போம். ஒரு கொத்து நாரை எடுத்து வலப்புறமாக முறுக்கினால் அது ஒரு புரி. கையை விட்டவுடனே அது பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும்; அது அதன் ஸ்வபாவம். இப்படி வலப்புறமாகவே முறுக்கிய இரண்டு புரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றைச் சேர்த்து இடப்புறமாக முறுக்கினால் என்ன ஆகிறது? புரி ஒவ்வொன்றும் அவிழ வேண்டுமானால் இடப்புறமாகச் சுழல வேண்டும். ஆனால் அப்படிச் சுழலச் சுழல, இடப்புறமாகப் போட்டிருக்கும் கூட்டு முறுக்குத்தான் மேலும் இறுகும். கூட்டு முறுக்கு அவிழ வேண்டுமானாலோ வலப்புறமாகச் சுழல வேண்டும். அது புரிகளின் முறுக்கை ஏற்றும். ஒன்று தப்பித்துக்கொள்ள எடுக்கும் பிரயத்தனமே மற்றொன்றைக் கட்டிப்போடுகிறது. முடிச்சும் இல்லாமல், பசையும் இல்லாமல், இரண்டு பகைகளைச் சமமாக நிறுத்தி உண்டாக்கிய அந்தச் சமாதானத்துக்குத்தான் கயிறு என்று பெயர். வைக்கோல் பிரிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது ஒற்றை முறுக்கு. கட்டி இறுக்கிச் செருகி வைத்திருக்கும் வரையில்தான் அதன் ஆயுள்.

இந்த யுக்தியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், மனித ஜாதியிலேயே நமக்கு ஒன்றுவிட்ட உறவினரைக் காட்ட வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கில் ஆப்ரி டு மாராஸ் என்ற பாறைக் குடைவில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த மண்ணடுக்கிலிருந்து எடுத்த கற்கருவி ஒன்றில், 6.2 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நூல்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். மரத்தின் உட்பட்டை நாரை மூன்று புரிகளாக ஒரு பக்கமாக முறுக்கி, அம்மூன்றையும் மறுபக்கமாகச் சேர்த்துத் திரித்த முப்புரிக் கயிறு அது. அதன் வயது 41,000 ஆண்டுகளுக்கும் 52,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். கல்லும் வெண்கலமும் இரும்பும் மண்ணுக்குள் கிடந்து சரித்திரத்தில் தங்கள் பெயரால் ஒவ்வொரு யுகத்தைச் சம்பாதித்துக்கொண்டன. கற்கோடரியைக் காம்பில் கட்டியதும், வலையானதும், வில்லுக்கு நாணானதும் கயிறுதான் என்றாலும், மக்கிப்போகும் ஜாதியாகையால் அதற்கு யுகம் கிடைக்கவில்லை.

நார் தரும் செடிகளுக்கு நம் நாட்டில் குறைவே கிடையாது. தண்டின் பட்டையில் நார் வைத்திருப்பவை ஒரு வகை; சணப்பும் புளிச்சையும் வங்காளத்துச் சணலும் இவ்வகையின. இலையில் நார் வைத்திருப்பவை இன்னொரு வகை. ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நட்டதால் ரயில் கற்றாழை என்று பெயர்பெற்ற மெக்சிகோ தேசத்து விருந்தாளியும், அது வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்த மருளும் இந்த இனம். மருளை வடமொழியில் மூர்வை என்பார்கள். வில்நாணுக்கு உகந்ததென்று பேர்பெற்ற நார் அது. மனுஸ்மிருதி உபநயனத்தில் கட்டும் அரைஞாணைப் பற்றிச் சொல்லும்போது, பிராமணனுக்கு முஞ்சைப் புல்லும், க்ஷத்திரியனுக்கு மூர்வை நாணும், வைசியனுக்குச் சணப்பு நூலும் என்று விதிக்கிறது. வர்ணத்துக்கு ஒரு கயிறாகப் பங்கிட்டுக் கொடுத்த அந்தச் சாஸ்திரகாரர், கயிறு திரித்தவன் எந்த வர்ணம் என்பதை விசாரித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

பனையைச் சொல்லாமல் போகமுடியாது. பச்சை மட்டையைக் கிழித்து உரித்தெடுக்கும் பனைநாரைத் திரிக்கக்கூட வேண்டியதில்லை. நனைத்துப் பதப்படுத்தி அப்படியே கட்டிலுக்குப் பின்னுவார்கள், பெட்டிக்கு விளிம்பு கட்டுவார்கள். மரமேறிகள் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் தளையும் நாரினால் ஆனதே. வாழைநார் பூக்காரியின் சொத்து. மாலை கட்ட அதைவிட மிருதுவானது ஒன்றில்லை. ஆனால் தண்ணீரில் இறங்கிக் கிடக்க வேண்டும், உப்புக்காற்றில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்று வந்துவிட்டால், இவையெல்லாம் பின்வாங்கிவிடுகின்றன. அங்கே தென்னை ஒன்றுதான் துணை.

தேங்காய் மட்டையின் நார், அழகில் மற்ற நார்களோடு போட்டியிடத் தகுதியற்றது. சணப்பு நார் ஆளுயரம் நீள்கிறது. தேங்காய் நார் நீளமாக இருந்தாலே ஒரு முழத்துக்குள் அடக்கம். வலிமையிலும் அது சணப்புக்குத் தாழ்ந்ததே. அதன் விசேஷம் வேறு. செடியின் நாருக்கு வலிமை தரும் பொருள் செல்லுலோஸ். விறைப்பும் அழுகாமையும் தரும் பொருள் லிக்னின். பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸே ஆனதால் ஈரத்தில் சீக்கிரம் மக்குகிறது. தேங்காய் நாரிலோ லிக்னின் ஏறத்தாழச் சரிபாதி இருப்பதால் கடல்நீரிலும் அது எளிதில் அழுகுவதில்லை. இதற்குமேல் ஒரு குணம்: சணப்பைப் போன்ற நார்கள் தம் நீளத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு நீள்வதற்குள் அறுந்துவிட, இது நூற்றில் பதினைந்து, இருபது, சில சமயம் முப்பது பங்கு வரையில் நீண்டு கொடுக்கிறது. அலை வந்து மோதி நங்கூரக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும் கணத்தில், வளைந்துகொடுக்காத வலிமையைக் காட்டிலும் நீண்டுகொடுக்கும் பலவீனமே கப்பலைக் காப்பாற்றுகிறது. போதாததற்குத் தேங்காய்க்கயிறு தண்ணீரில் மிதக்கும்.

மட்டையிலிருந்து இந்த நாரைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். மட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதியெல்லாம் நாரோடு நாராகக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சோறு. நல்ல வெள்ளை நார் வேண்டுமானால், காய் முற்றி நெற்றாவதற்கு முன்பே, பத்துப் பதினோரு மாதப் பக்குவத்தில் வெட்டிய மட்டை வேண்டும். கேரளக் காயலோரங்களிலும் கன்னியாகுமரிக் கடலோரத்திலும், அம்மட்டைகளைக் கட்டி, மேலே சேறும் ஓலையும் பாரமும் ஏற்றி, உப்பும் நன்னீரும் கலந்து வேலியேற்றத்தோடு ஏறி இறங்கும் கழிமுகத் தண்ணீரில் அமிழ்த்தி, ஆறு மாதம், எட்டு மாதம், பத்து மாதம் என்று ஊறப்போட்டுவிடுவார்கள். காற்றுப் புகாத அந்த ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நாரையும் சோற்றையும் ஒட்டவைக்கும் பசையைத் தின்று கரைக்கின்றன. லிக்னின் அவற்றுக்குச் சுலபத்தில் ஜீரணமாகாத வஸ்துவாகையால் நார் மட்டும் மிஞ்சுகிறது. இவ்வளவு காலமும் மனிதன் செய்யும் வேலை காத்திருப்பது ஒன்றே. எட்டு மாதம் பொறுக்க முடியாதவர்களுக்காக இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. முற்றிய மட்டையைக் கொஞ்சம் நனைத்து, பல்சக்கரங்களில் கொடுத்து, ஒரே நாளில் பழுப்பு நாரை வாரிக்கொள்கிறார்கள். பொள்ளாச்சி வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. மெத்தைக்கும் மிதியடிக்கும் அது போதும். கையால் நூற்பவளிடம் கேட்டால் வெள்ளை நாரைத்தான் காட்டுவாள்.

ஊறிய மட்டையைக் கரையேற்றும் நாளில் எழும் நாற்றத்தை, அழுகிய முட்டையின் நாற்றம் என்று சொன்னால் முட்டைக்கு அபகீர்த்தி உண்டாகும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவின் கைங்கரியம். இந்தத் தொழில் தழைத்த காயல்களில் தண்ணீர் கறுத்து மீன் அருகிப்போனதும் உண்மை. இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்தால் அதன் உற்பத்தியும் இயற்கைக்கு இதமானது என்று நினைத்துக்கொள்வது நகரவாசிகளின் பேதைமை. அந்த நாற்றத்தின் நடுவில், தோலை உரித்த மட்டையைக் கட்டையின்மேல் வைத்துத் தடியால் அடித்து அடித்து நாரைப் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுவதும் ஓங்கி அடித்த அந்தக் கைகள் பெற்ற கூலி, கயிற்றின் விலையில் எத்தனையாவது பங்கு என்பதை அக்காலத்து வியாபாரிகள் சௌகரியமாக மறந்திருந்தார்கள். ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா என்பவர் 1859-இல் முதல் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அத்தகைய ஆலைகளின் தொழிலாளரிடையே, 1922-இல், திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் தோன்றிய பிறகுதான் மறதி சற்றுத் தெளியலாயிற்று.

அடித்துப் பிரித்த நாரை உலர்த்தி உதறி எடுத்தபின் நூற்பு. பழைய முறையில் கையைத் தவிர வேறு கருவி கிடையாது. மடியில் நாரை வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் சிறு சிறு கொத்தாக உருட்டி, புரிகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போவார்கள். பாட்டியம்மாள் பேசிக்கொண்டிருப்பாள், கண் வேறெங்கோ இருக்கும், காலடியில் கயிறு மட்டும் சுருள் சுருளாக விழுந்துகொண்டேயிருக்கும். பிறகு ராட்டு வந்தது. நிலையாக நிற்கும் ஒரு சக்கரம். அதை ஒருத்தி சுழற்றுவாள். இடுப்பில் நார்ப்பொதியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள், கொக்கியில் நாரை மாட்டி, விரலிடுக்கில் அளவாக விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு புரி நீளும். வேண்டிய நீளம் வந்ததும், பள்ளம் செதுக்கிய ஒரு மரக்கட்டையை இரண்டு புரிகளுக்கும் இடையில் கொடுத்து, மறுமுனையிலிருந்து எதிர்த்திசையில் சுழற்றுவார்கள். கட்டை நகர நகர அதன் பின்னால் கயிறு பிறந்துகொண்டே வரும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் புரிகள் கண்ட இடத்தில் பின்னிக்கொண்டு ஓரிடம் இறுகி ஓரிடம் தளர்ந்துவிடும். முறுக்கு ஏற ஏற நீளம் குறைவதால், புரியின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில் கயிற்றில் காணாமற்போகும். நூறு முழம் வேண்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நடக்கத் தொடங்க வேண்டும்.

கைப்பக்குவம் ஊருக்கு ஊர் வேறு. முறுக்கின் இறுக்கம், பருமன், நிறம், இவற்றைக் கொண்டே வியாபாரிகள் கயிற்றை அஞ்சுதெங்கு, வைக்கம், அஷ்டமுடி, மங்காடன் என்று ஊர்ப்பெயராலும் வட்டாரப் பெயராலும் தரம் பிரித்தார்கள். லண்டன் சந்தையில் உட்கார்ந்திருந்தவனும் அந்தப் பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் சிவகங்கைச் சீமைச் சிங்கம்புணரிக்கு இத்தகைய கீர்த்தி உண்டு. தாம்புக்கயிறு முதல் தேர்வடம் வரையில் அங்கே திரிக்கிறார்கள். வடம் என்பதும் வேறொன்றுமில்லை. நாரிலிருந்து புரி, புரியிலிருந்து கயிறு, கயிறுகளைப் புரியாகக் கொண்டு இன்னொரு பெருங்கயிறு என்று, ஒவ்வொரு படியிலும் திசையை மாற்றி மாற்றி முறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்பது வடம். மூன்று புரி வைப்பதே உத்தமம். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுவில் பள்ளமில்லாமல் அமையும். நான்கு புரி வைத்தால் நடுவில் ஓடும் வெற்றிடத்தை நிரப்ப உள்ளே ஒரு தனித்திரி கொடுக்க வேண்டும்.

தென்னங்கயிற்றின் மகா சரித்திரம் கடலில் நடந்தது. பதினோராம் நூற்றாண்டில் பாரதத்தைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நம் தென்மேற்குக் கடலிலுள்ள தீவுக் கூட்டங்களை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சோழித் தீவுகள் என்றும், மற்றொன்றைக் கயிற்றுத் தீவுகள் என்றும் குறிக்கிறார். கப்பற்பலகைகளைச் சேர்த்துத் தைக்கும் கயிறு அங்கிருந்துதான் போயிற்று. அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் ஓடிய பெருங்கப்பல்களில் பல, ஆணி அடித்தவை அல்ல. பலகையின் ஓரங்களில் துளையிட்டு, தேங்காய்க்கயிற்றால் இழுத்துத் தைத்தவை. ஏன் இப்படி என்பதற்கு அக்காலத்தார் சொன்ன காரணம் வேடிக்கையானது: கடலில் காந்தமலை இருக்கிறதாம், ஆணி வைத்த கப்பலை அது இழுத்துக்கொண்டுவிடுமாம். போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்ற நூல் இதை நம்பி எச்சரிக்கை செய்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டில், புரோகோப்பியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இந்தக் கதையைக் குறிப்பிட்டு, வெறும் கதையென்று தள்ளிவிட்டார்.

மாலத்தீவில் பதினான்காம் நூற்றாண்டில் காஜியாக உத்தியோகம் பார்த்த இபின் பதூதா இன்னும் நல்ல காரணம் சொல்கிறார். கடற்கரைக் குழிகளில் மட்டையை ஊறவைத்து, தடியால் அடித்து, பெண்கள் நூற்று, சீனத்துக்கும் இந்தியாவுக்கும் யேமனுக்கும் அனுப்பிவைத்ததை விவரித்துவிட்டு, இந்தக் கடலில் பாறைகள் அதிகம், ஆணி அடித்த கப்பல் மோதினால் உடையும், கயிற்றால் தைத்ததோ வளைந்துகொடுத்துத் தப்பும் என்கிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அவர் எழுதிய செய்முறைக்கும் மேலே நான் எழுதிய செய்முறைக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். மார்க்கோ போலோ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை; ஹோர்முஸ் துறைமுகத்தில் கண்ட தைத்த கப்பல்கள் மட்டமானவை, அநேகம் மூழ்கிப்போகின்றன என்று அவர் குறைகூறினார்; ஆனால் அவரும்கூட, அந்தக் கயிற்றைக் கடல்நீர் அரிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கவில்லை. லட்சத்தீவில் இந்தக் கயிற்றுக்கு இருந்த மதிப்பே அதன் ஜனங்களுக்குத் துர்ப்பாக்கியமாக முடிந்தது. கண்ணூர் அலிராஜாக்கள் கயிறு வாணிபத்தைத் தங்கள் ஏகபோகமாக்கி, தாங்களே வைத்த விலைக்குக் கயிற்றை வாங்கிக்கொண்டு பதிலுக்கு அரிசி கொடுத்தார்கள்.

நம் சென்னைப் பட்டினத்துக்கும் இதில் பங்குண்டு. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, வந்திறங்கும் துரைமார்களையும் துரைசானிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் நுரைத்துப் புரளும் அலைமேல் ஏற்றிக் கரையில் கொண்டுவந்து சேர்த்தவை மசூலாப் படகுகள். அவை ஓர் ஆணிகூட இல்லாமல் தேங்காய்க்கயிற்றால் தைத்தவை. ஐரோப்பியர் கொண்டுவந்த உறுதியான படகுகள் அந்த அலையில் மணலில் மோதிச் சிதறுகையில், தைத்த படகு நெளிந்துகொடுத்துக் கரையேறியது. கட்டுமரத்துக்கோ தைப்பதுகூடக் கிடையாது; மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் படகு, அவிழ்த்துக் கரையில் போட்டால் விறகு.

இந்த வித்தை ஏட்டில் மட்டும் இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். டிம் செவரின் என்பவர் 1980-இல், ஆணி இல்லாமல் சுமார் 640 கிலோமீட்டர் தேங்காய்க்கயிற்றால் தைத்த சோஹார் என்ற பாய்க்கப்பலில் ஓமானிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நம் கடற்படையும், அஜந்தா குகையில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, கேரளத்துக் கைவினைஞர்களைக் கொண்டு தைத்த கௌண்டின்யா என்ற கப்பலை 2025 மே மாதம் கார்வாரில் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு முடிவில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் பாய் விரித்தது.

கடலை விட்டு மலைக்குப் போனாலும் இதே கைவேலைதான். பெரு தேசத்தில், அபுரிமாக் ஆற்றின் மேல், இங்கா அரசர் காலத்து முறையில் புல்லாலேயே கட்டிய கேஸ்வாசாகா என்ற தொங்குபாலம் இன்றும் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். கரையிலுள்ள நான்கு சமூகத்தார் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, புதிதாகக் கட்டுகிறார்கள். மலைப்புல்லை அறுத்து, தட்டி, நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டி மெல்லிய கயிறாகத் திரிப்பது பெண்கள். அந்தக் கயிறுகளைச் சேர்த்துப் பெரும் வடங்களாக்கிப் பள்ளத்தாக்கின் குறுக்கே இழுத்துக் கட்டுவது ஆண்கள். யுனெஸ்கோ ஸ்தாபனம் 2013-இல் பாலத்தை அல்லாமல், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவையே மானிட குலத்தின் பாரம்பரியச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்தது. புல் ஒன்றுக்கு ஒரு முழமோ இரண்டு முழமோதான் நீளம். கலிலியோ கேட்ட கேள்விக்குரிய விடையின் மேல் அங்கே வருஷா வருஷம் ஜனங்கள் ஏறி நடந்துபோகிறார்கள்.

இதை வாசித்துவிட்டு, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை எழுந்தால், காயலுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை. குலை தள்ளி வெட்டிப்போட்ட வாழையின் மடல் எங்கும் கிடைக்கும். உலர்ந்த மடலைச் சன்னமாகக் கிழித்து, சிறிது நேரம் தண்ணீரில் நனைத்து, துணியில் சுற்றி வைத்துக்கொள்க. ரயில் கற்றாழை கிடைத்தால் இன்னும் வலுவான நார். ஆனால் அதன் சாறு பட்ட இடம் அரித்தெடுக்கும், ஆகையால் பச்சை மடலைச் சுரண்டும்போது கையை மூடிக்கொள்வது உசிதம். பென்சில் பருமனுக்கு ஒரு கொத்து நாரை எடுத்து, சரிபாதியில் அல்லாமல் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்குமாறு மடித்து, மடிப்பை இடக்கை விரல்களால் பிடித்துக்கொள்க. இப்போது இரண்டு புரிகள். மேற்புரியை வலக்கை விரலால் உடம்புக்கு வெளிப்புறமாக நன்றாக முறுக்கி, முறுக்கு விடாமல் அதைக் கீழ்ப்புரியின் மேலாகத் தன் பக்கம் கொண்டுவந்து கீழே விடுக. கீழே இருந்தது இப்போது மேலே வந்திருக்கும். அதையும் வெளிப்புறமாக முறுக்கித் தன் பக்கம் கொண்டுவருக. இவ்வளவுதான் வித்தை. ஒரு விரல் நீளம் போவதற்குள் கைக்கு வழி பிடிபட்டுவிடும். தொடையின்மேல் இரண்டு புரிகளையும் சற்று விலக்கி வைத்து, உள்ளங்கையால் முன்னோக்கி ஒருசேர உருட்டி, பிறகு சேர்த்துப் பின்னோக்கி இழுத்துவிடும் முறையில் வேகம் அதிகம். அது கொஞ்சம் பழகிய பின் தானாக வரும்.

குட்டைப் புரி தீரப்போகும்போது, அதன் கடைசி நாலு விரல் நீளத்தோடு புது நாரைச் சேர்த்து வைத்து முறுக்கிக்கொண்டே போனால் ஒட்டு தெரியாது. முதலில் ஒரு புரியை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் மடித்ததற்குக் காரணம் இதுவே: இரண்டும் ஒரே இடத்தில் தீர்ந்தால் இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் விழும், கயிறு அங்கேதான் அறும். முறுக்கு போதாவிட்டால் நார் வழுக்கும். மிதமிஞ்சினால் கயிறு முண்டு முண்டாகச் சுருட்டிக்கொண்டு நாரையே வெட்டிவிடும். போதும் என்பதைக் கை சொல்லும், அளவுகோல் கிடையாது.

முடிந்த கயிற்றை நனைத்து, இரண்டு தூண்களுக்கிடையில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிற்பாடு பாரம் ஏறும்போது அது தன்னிஷ்டத்துக்கு நீளும். சிலிர்த்து நிற்கும் நார்முனைகளைத் தேங்காய் மட்டையால் தேய்த்துவிடலாம். வெட்டிய முனையை மெல்லிய நாரால் நாலைந்து சுற்று இறுகச் சுற்றி முடிந்துவிட வேண்டியது அவசியம். துணி உலர்த்தும் கொடிக்கும் கன்றுக்குட்டியின் கழுத்துக்கும் அது தாராளமாகப் போதும். கிணற்று வாளியைக் கட்டுவதற்கு முன்னால் மட்டும், ஒரு பருவம் அதை அவரைப் பந்தலில் கட்டிப் பார்ப்பது நல்லது.